பீப்பாய்க்காரரின் பெயர்: தொழில், பட்டம், எல்லை குறித்துச் சில குறிப்புகள்

1

ஓசூரில் வாகனங்களுக்குக் கிளட்ச் தயாரிக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. முன்பு 'லுக் இந்தியா' என்ற பெயரில் இயங்கியது. 2018இல் 'ஷெஃப்லர் இந்தியா'வுடன் இணைந்தது. பெயர்ப்பலகையில் இருக்கும் அந்தச் சொல் ஒரு குடும்பப்பெயர். ஷெஃப்லர் சகோதரர்கள் இருவர் 1946இல் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஒரு சிறு நகரத்தில் தொடங்கிய நிறுவனம் அது. தென் ஜெர்மன் பேச்சுவழக்கில் 'ஷெஃப்லர்' என்றால் மரப் பீப்பாய், மரத்தொட்டி செய்கிறவர். 'ஷாஃப்' என்பது மரத்தொட்டி. அதைச் செய்கிறவர் ஷெஃப்லர். அவ்வளவுதான்.

அதாவது, தினமும் மூன்று ஷிஃப்டாக நம்ம பையன்கள் ஒரு பீப்பாய்க்காரரின் பெயர் பொறித்த சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போகிறார்கள், வெளியே வருகிறார்கள். அந்தப் பெயரில் எந்த வாடையும் இல்லை. அந்தப் பெயர் கொண்டவரிடம் போய் 'உங்க தாத்தா பீப்பாய் செஞ்சவரா?' என்று கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே 'இருக்கலாம்' என்பார். அதே கேள்வியை ஓசூர் பேருந்து நிலையத்தில், ஒருவரின் பாட்டன் செய்த தொழிலை வைத்துக் கேட்டுப் பாருங்கள். கேட்டவன் அடிவாங்குவான், அல்லது கேட்கப்பட்டவன் கூனிக் குறுகுவான். இரண்டில் எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தொழில் எது என்பதுதான்.

தொழிலிலிருந்து பெயர் பிறப்பது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. ஓரிடத்தில் அது வெறும் பெயராகச் செத்துப்போன குறியாக மிஞ்ச, இன்னோரிடத்தில் ஏன் உயிருள்ள ஆயுதமாக இருக்கிறது? தமிழ்நாட்டில் தொழில் சார்ந்த குடும்பப்பெயர் இன்று அபூர்வமாகிவிட்டதே, அதனால் சாதித்தொழில் அபூர்வமாகிவிட்டதா? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துத்தான் இக்கட்டுரை பேச முயல்கிறது.

2

முதலில் ஜெர்மன் கதை. பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை அங்கே பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர்தான். நகரங்கள் பெருகின. ஒரே தெருவில் நான்கு ஹைன்ரிச்சுகள். வரி வசூலிக்கிறவனுக்கும் பத்திரம் எழுதுகிறவனுக்கும் எந்த ஹைன்ரிச் என்று தெரிய வேண்டும். அப்போதுதான் 'மாவரைக்கிற ஹைன்ரிச்', 'கொல்லன் ஹைன்ரிச்' என்ற அடைமொழிகள் ஏடுகளில் ஏறின. அடுத்த மூன்று நான்கு நூற்றாண்டுகளில் அந்த அடைமொழி மகனுக்கும் பேரனுக்கும் இறங்கி, தொழில் மாறினாலும் மாறாத குடும்பப்பெயராக உறைந்தது. மியூலர் என்றால் மாவரைப்பவர், ஷ்மிட் கொல்லர், ஷ்னைடர் தையல்காரர், வேபர் நெசவாளர், ஃபிஷர் மீனவர். ஷுல்ட்ஸே என்பது கைத்தொழில்கூட இல்லை, பதவி: ஊர்த்தலைவர். நம் எல்லைப் பகுதிப் பாஷையில் சொன்னால், ஷுல்ட்ஸே என்பவர் அந்த ஊர் கவுடா.

இதில் ஷெஃப்லர் ஏன் அரிதான பெயர்? பீப்பாய் செய்கிறவர்கள் குறைவாக இருந்ததால் அல்ல. திராட்சை ரசம், பீர், உப்பு, மீன், வெண்ணெய் எல்லாமே பீப்பாயில்தான் பயணம் செய்தன. ஆனால் அந்த ஒரே தொழிலுக்கு வட்டாரத்துக்கு ஒரு சொல் இருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் ப்யோட்ஷர், ஃப்ராங்கன் பகுதியில் ப்யூட்னர், தென்மேற்கில் க்யூஃபர், ரைன் கரையில் ஃபாஸ்பெண்டர், ஆஸ்திரியாவில் பிண்டர், பவேரியாவில் ஷெஃப்லர். கொல்லனுக்கு நாடு முழுக்க ஏறக்குறைய ஒரே சொல் இருந்ததால் ஷ்மிட் பெருகியது. பீப்பாய்க்காரரின் பெயர் ஆறாகச் சிதறி ஒவ்வொன்றும் சிறுத்தது. பிறகு உலோகக் கலன்கள் வந்து தொழிலும் சுருங்கியது. இன்று மியூனிக் நகரத்தில் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஷெஃப்லர்கள் பச்சை இலை வளைவுகளைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஆடும் நடனத்தில்தான் பெரும்பாலோர் அத்தொழிலைப் பார்க்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு 'ஐரோப்பாவில் எல்லாம் சமத்துவம், இங்கேதான் சாதி' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஜெர்மன் நகரங்களில் 'மானமுள்ள தொழில்', 'மானமற்ற தொழில்' என்ற பிரிவினை கறாராக இருந்தது. தூக்குப் போடுகிறவர், செத்த மாட்டின் தோலை உரிக்கிறவர் ஆகியோரின் பிள்ளைகளைக் கைவினைச் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளாது. சில வட்டாரங்களில் லினன் நெய்கிறவரும், ஆடு மேய்ப்பவரும், மாவரைப்பவரும்கூட இந்தப் பட்டியலில் இருந்தார்கள். செத்த விலங்கையோ தூக்குமரத்தையோ தொட்டுவிட்ட கைவினைஞர் தன் சங்கத்தில் மானத்தை இழக்கலாம். தீட்டு என்ற சொல் மட்டும்தான் இல்லை. 1731இல் புனித ரோமப் பேரரசின் கைவினைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரின் பிள்ளைகளைச் சங்கங்களில் சேர்த்தாக வேண்டும் என்றது. தோலுரிப்பவரை மட்டும் அப்போதும் விலக்கியே வைத்தது. அவர்கள் பிள்ளைகளுக்குக் கதவு திறக்க 1772 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்புறம் எப்படி அந்தப் பெயர்களின் வாடை போனது? பெயரை மாற்றியதால் அல்ல. 1810இல் பிரஷ்யாவிலும் 1868இல் பவேரியாவிலும் யாரும் எந்தத் தொழிலும் செய்யலாம் என்ற சட்டம் வந்தது. சங்கங்களின் கதவுக்காவல் முடிந்தது. ஆலைகள் வந்தன. முக்கியமாக, மியூலர் வீட்டுப் பெண்ணை ஷ்மிட் வீட்டுப் பையன் கட்டுவதைத் தொழிலின் பெயரால் தடுக்க யாரும் இல்லாமல் போனார்கள். குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையே இருந்த கயிறு அறுந்தது. சில இடங்களில் மானமற்றதாக இருந்த மாவரைப்பவர் தொழிலின் பெயர்தான் இன்று ஜெர்மனியிலேயே அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப்பெயர். யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை.

ஆனால் அதே நாட்டில் 1938இல் நாஜி அரசு, யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும் பெண்கள் 'சாரா' என்றும் கூடுதல் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டதையும் மறக்க வேண்டாம். பெயர் தானாக எதுவும் செய்வதில்லை. பெயரை யார் எழுதுகிறார்கள், எந்த ஏட்டில் எழுதுகிறார்கள் என்பதே கேள்வி.

3

இனி நம் ஊர். ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி வட்டாரம் மூன்று மொழிகளின் சந்திப்பு. ஒரே கிராமத்தில் ஒரே தொழிலுக்கு மூன்று பெயர். தமிழில் கொல்லர், கன்னடத்தில் கம்மார, தெலுங்கில் கம்மரி. குயவர், கும்பார, கும்மரி. வண்ணார், அகச, சாகலி. பார்வைக்கு ஜெர்மானியப் பீப்பாய்க்காரரின் ஆறு பெயர்கள் மாதிரியே இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். ப்யோட்ஷரும் ஷெஃப்லரும் இடம் மாறினால் ஒருவரையொருவர் சம்பந்தம் செய்யலாம். இங்கே கம்மாரவும் கொல்லரும் ஒரே பட்டறையில் ஒரே துருத்தியை ஊதினாலும் தனித்தனிச் சாதி, தனித்தனிக் குலதெய்வம். தொழில் ஒன்றாக இருப்பது அவர்களை ஒன்றாக்கவில்லை. அம்பேத்கர் 1936இல் சுட்டிக்காட்டிய வேறுபாடு இதுதான்: வேலையைப் பிரித்துக்கொள்வது வேறு, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து ஒருவர் தலைமேல் ஒருவரை அடுக்குவது வேறு.

கிராமத்துப் பதவிகளும் இப்படித்தான். மணியக்காரர், கர்ணம், தலையாரி, ஏரித் தண்ணீரைப் பகிர்ந்துவிடும் நீர்கண்டி, கடைசியில் தோட்டி. எல்லாமே பரம்பரை. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்ததும் கேப்டன் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட்டபோது, அவர்களுக்கு வழிகாட்டியது கர்ணத்தின் ஏடுதான். அந்த ஏட்டில் யார் பெயர் எந்த விகுதியோடு எழுதப்பட்டது என்பது சாதாரண விஷயமில்லை.

இந்த விகுதி சமாச்சாரத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஜெர்மன் மொழியில் தூக்குப்போடுகிறவரின் பெயருக்கும் பொற்கொல்லரின் பெயருக்கும் இலக்கண வேறுபாடு கிடையாது. தமிழில் உண்டு. செட்டி'யார்', முதலி'யார்' என்று ஒரு பக்கம் 'ஆர்' ஏறும். மறுபக்கம் வண்ணா'ன்', அம்பட்ட'ன்', குயவ'ன்' என்று 'ன்' இறங்கும். இன்னும் கீழே போனால் 'தோட்டி' என்று மொட்டையாக நிற்கும். தொழிலின் பெயரைச் சொல்லும்போதே தொழிலாளியின் உயரமும் அளந்து சொல்லப்பட்டுவிடுகிறது. இந்த மொழியில் தொழிற்பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொள்ள யார் விரும்புவார்?

எனவேதான் ஒரு விசித்திரம். தமிழில் 'பட்டம்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி தொழிற்பெயரே அல்ல. அது தொழிற்பெயரிலிருந்து தப்பி ஓடிய பெயர். நெசவு செய்த கைக்கோளர் தம்மை 'நெய்பவர்' என்று எழுதிக்கொள்ளவில்லை, முதலியார் என்று எழுதிக்கொண்டார். தச்சரும் கொல்லரும் தட்டாரும் ஆசாரி என்ற, ஆசிரியரைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்த பெயரை எடுத்துக்கொண்டார்கள். கள் இறக்கும் தொழிலோடு பிணைக்கப்பட்ட 'சாணார்' என்ற பெயரை உதறிய மக்கள், 1921இல் அரசு ஏடுகளில் 'நாடார்' என்று பதிவாகும் வரை போராடினார்கள். ஒட்டர் போயர் ஆனதும், நாவிதர் மருத்துவர் ஆனதும் இதே ஓட்டம்தான். கவுண்டர் என்ற பட்டத்தைப் பாருங்கள். கன்னடக் கவுடாவோடு உறவுள்ள சொல் அது, ஊர்த்தலைமையைக் குறிப்பது. கொங்கு வேளாளரும் வைத்திருக்கிறார்கள், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வன்னியரும் வைத்திருக்கிறார்கள், வேட்டுவரும் குறும்பரும் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஊர்த்தலைவராக இருந்தார்கள் என்பதல்ல. எல்லோருக்கும் மதிப்பான ஒரு சொல் தேவைப்பட்டது என்பதே.

ஆக, ஜெர்மனியில் தொழிற்பெயர் குடும்பப்பெயராக உறைந்தது. தமிழகத்தில் தொழிற்பெயர் வசவாக உறைந்தது. பட்டம் அந்த வசவுக்கு மேல் போர்த்திய சால்வை ஆனது. தொழிலைப் பெயராகக் கொண்ட குடும்பப்பெயர் இங்கே அரிதாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான். பெரியார் வருவதற்கு முன்பே அது அரிதாகிவிட்டது.

4

இரண்டாவது காரணம் பெரியார். 1927 டிசம்பர் இறுதியில் 'குடி அரசு' இதழில் ஈ.வெ. ராமசாமி என்ற பெயரின் பின்னாலிருந்த 'நாயக்கர்' காணாமல் போனது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். அவரே அங்கே தன் 'நாடார்' பட்டத்தை விட்டார். போராடிப் பெற்று எட்டே வருஷமான பட்டத்தைத் துறப்பது சின்னக் காரியமல்ல. பிறகு ஐம்பது ஆண்டுகளில் இந்தப் பழக்கம் கட்சி எல்லைகளைத் தாண்டிப் பரவியது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் 'கே. முனியப்பா', 'எம். லட்சுமி' என்று இன்ஷியலும் பெயரும் மட்டும் மிஞ்சின. 1970களின் இறுதியில் எம்.ஜி.ஆர். ஆட்சி தெருப் பெயர்களிலிருந்து சாதியை எடுத்தது. 1980 நவம்பரில் அதே ஆட்சி, பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒரே உத்தரவில் ஒழித்தது. நூற்றாண்டுகளாக ஏடு வைத்திருந்த கைகளிலிருந்து ஏடு பிடுங்கப்பட்டது. பெயர் அரசியலையும் பதவி ஒழிப்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். முதலாவது மட்டும் நடந்திருந்தால் அது வெறும் ஒப்பனை.

இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு நான் இல்லை. எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டினால் பலகைகளில் கவுடா, ரெட்டி, ஷெட்டி, ஆச்சாரி வரிசைகட்டி நிற்கும். இங்கே கடைப் பலகையில் 'ஸ்ரீ மஞ்சுநாதா ஸ்டோர்ஸ், உரிமையாளர்: ஆர். கிருஷ்ணப்பா'. பெயரைப் படித்த மாத்திரத்தில் ஒரு குழந்தையின் இடத்தை ஆசிரியர் முடிவுசெய்துவிட முடியாது என்பது, அந்தக் குழந்தைக்கு ஒரு வருஷமாவது கிடைக்கும் இடைவெளி. அந்த ஒரு வருஷத்தில் அது எழுத்துக் கற்றுக்கொள்ளும்.

ஆனால் இடைவெளி இடைவெளிதான், விடுதலை அல்ல. பெயர் சொல்லாததை ஊர் சொல்லும். 'நீங்க எந்தூரு?' என்று ஆரம்பிக்கும். 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்று நெருங்கும். 'கோயில் கிட்டயா, ஏரிக்கரை கிட்டயா? கும்புடுற சாமி எது?' அதற்குமேல் கேட்கத் தேவையில்லை. கேட்கப்பட்ட மூன்று கேள்வியிலும் சாதி என்ற சொல் இல்லை. 2018 நவம்பரில் ஓசூர்ப் பக்கத்துக் கிராமத்து இளம் தம்பதி ஒருவர் கொல்லப்பட்டுக் கர்நாடகத்தில் காவிரியில் வீசப்பட்டார்கள். பையன் தலித், பெண் வேறு சாதி. முறைப்படி பதிவுசெய்த கல்யாணம். பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லை என்பதால் யாரும் அவர்களை மறந்துவிடவில்லை. ஷெஃப்லரும் ப்யோட்ஷரும் கல்யாணம் கட்டிக்கொண்டபோது அறுந்த கயிறு இங்கே கழுத்தில் இறுகுகிறது.

2025 அக்டோபரில் தமிழக அரசு தெருக்கள், சாலைகள், நீர்நிலைகளின் பெயர்களிலிருந்து சாதியை நீக்க மறுபடியும் ஆணை போட்டது. 1970களில் போட்ட ஆணைக்குப் பிறகு மறுபடியும் போட வேண்டியிருக்கிறது என்பதே ஒரு செய்தி. அதே வாரத்தில் கோவையில் திறந்த மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர். நாயுடுவை எடுத்தால் யார் என்று தெரியாதாம். தெரியாமல் போவதற்குத்தானே எடுக்கச் சொன்னது!

5

இப்போது ஆலைக்குள் போவோம். 1970களில் சிப்காட் வந்தது. 1980இல் அசோக் லேலண்ட், அதையொட்டி டி.வி.எஸ்., அதே பத்தாண்டில் டைட்டன். கேழ்வரகும் அவரையும் விளைந்த நிலத்தில் எந்திரங்கள் இறங்கின. தொழிலையும் பிறப்பையும் பிரிப்பதற்கு ஆலை மாதிரி ஒரு இடம் வேறில்லை என்று மார்க்ஸ் படித்த நம்மில் பலர் நம்பினோம். நம்பிக்கை முழுக்கப் பொய்யும் இல்லை. சி.என்.சி. எந்திரத்துக்கு முன்னால் நிற்கிற பையனின் தாத்தா என்ன செய்தார் என்று எந்திரம் கேட்பதில்லை.

புதிய தொழிற்பெயர்களும் பிறந்தன. 'ஃபிட்டர் சேகர்', 'வெல்டர் ராஜி', 'லேத்து மணி', 'டெய்லர் சாந்தி'. கவனியுங்கள், இவை பெயருக்கு முன்னால் வருகின்றன. பட்டம் பின்னால் ஒட்டும். முன்னால் வருவது கற்றுக்கொண்டது. பின்னால் வருவது பிறந்ததால் வந்தது. மேஸ்திரி, வாத்தியார் மாதிரி மரியாதைக்காகப் பின்னால் வருகிறவையும் உண்டு. ஆனால் அவையும் மகனுக்கு இறங்குவதில்லை. மேஸ்திரி என்ற சொல்லே போர்த்துகீசியரிடமிருந்து வந்தது, பீப்பாயும் அப்படியே. வெளியிலிருந்து வந்த பொருளுக்கும் தொழிலுக்கும் இங்கே சாதி ஒதுக்கி வைக்கப்படவில்லை. 'லேத்து மணி' என்ற பெயர்தான் பதின்மூன்றாம் நூற்றாண்டின் 'பீப்பாய் ஹைன்ரிச்' என்பதற்கு நம்மிடம் உள்ள மிக நெருங்கிய உறவு.

ஆனால் எல்லாத் தொழிலும் லேத்து அல்ல. ஆலையில் எந்திரம் ஓட்டுகிறவர் மாறிவிட்டார். கழிவறை கழுவுகிறவர், சாக்கடை அடைப்பு எடுக்கிறவர், நகராட்சிக் குப்பை வண்டியின் பின்னால் நிற்கிறவர் மாறினாரா? மேற்கு மாவட்டங்களின் நகராட்சித் துப்புரவுப் பணியில் பெரும்பான்மை யார் என்பது எல்லோருக்கும் தெரியும்: தெலுங்கும் கன்னடமும் பேசும் அருந்ததியர். அவர்கள் பெயருக்குப் பின்னால் எந்தத் தொழிற்பெயரும் கிடையாது. 'தோட்டி' என்ற சொல்லை ஏட்டிலிருந்து எடுத்தாயிற்று. 'சானிட்டரி ஒர்க்கர்' ஆகி, 'தூய்மைப் பணியாளர்' ஆகி, ஒப்பந்த நிறுவனத்தின் 'ஹவுஸ்கீப்பிங்' ஆகிவிட்டது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சொல் மூன்று முறை மாறியது. கை மாறவில்லை.

நேர்மாறான கதையும் இருக்கிறது. பத்தர்கள், தட்டார்கள். 1963இல் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றபோது நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் பிழைப்பிழந்தார்கள். பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் ரத்தானது. 1990களின் நடுவில் ஓசூரிலேயே டைட்டன் நிறுவனத்தின் தங்க நகை ஆலை வந்தது. நகை ஆலைத் தொழிலாகிவிட்டது, பட்டறை போனது. 'பத்தர்' என்ற பெயர் மட்டும் சில வீடுகளில் பெயராகவே மிஞ்சியிருக்கிறது. அதில் வாடை இல்லை, கொஞ்சம் துக்கம் இருக்கிறது. ஷெஃப்லருக்கு மிக அருகில் வந்துவிட்ட பெயர் அது.

ஆக நம்மிடம் இரண்டும் இருக்கின்றன. தொழில் போய்ப் பெயர் நிற்பது ஒன்று. பெயர் போய்த் தொழில் நிற்பது இன்னொன்று. முதலாவது மேலே ஏற முடிந்தவர்களுக்கு நடந்தது. இரண்டாவது கீழேயே பிடித்துவைக்கப்பட்டவர்களுக்கு நடந்தது.

6

இந்த மண்ணில் இன்னொரு முரணும் புதைந்திருக்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் ராஜாஜி. தந்தை அந்த ஊர் முன்சீப். மகன் அந்த வேலையைச் செய்யவில்லை. வக்கீலானார், நாட்டின் கவர்னர் ஜெனரல் ஆனார். 1953இல் முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துப் பிள்ளைகள் அரைநாள் பள்ளிக்கு வந்தால் போதும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் போட்டார். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. 1954இல் அவர் பதவி போய், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் இன்று சிப்காட்டுக்குள் போகிற ஐ.டி.ஐ. பையன்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசிக்கலாம்.

2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 கைத்தொழில்கள். கொல்லர், தச்சர், குயவர், முடிதிருத்துபவர், சலவைத் தொழிலாளி, கவசம் செய்பவர் என்று பட்டியல் போகிறது. கடனும் பயிற்சியும் கருவியும் தருவது நல்லதுதான். ஆனால் விண்ணப்பிப்பவரின் குடும்பமே வழிவழியாக அத்தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழக அரசு எதிர்த்தது. இப்போதுள்ள வடிவில் ஏற்க முடியாது என்று 2024இல் தெரிவித்து, 2025இல் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகத் தொடங்கியது. இதில் யாரும் சேரலாம். 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்த வயது வரம்பின் அர்த்தம்: ஏற்கெனவே அத்தொழிலில் இருப்பவருக்கு உதவி, படிக்க வேண்டிய பிள்ளையை அதற்குள் தள்ளாதே. இரு திட்டங்களுக்கும் இடையிலான சண்டை கடன் தொகையைப் பற்றியதல்ல. தொழிற்பெயர் முன்னால் வருமா, பின்னால் வருமா என்பதைப் பற்றியது.

இதற்கிடையில் ஓசூருக்குப் புதிய பெயர்கள் ரயிலேறி வருகின்றன. பஸ்வான், மண்டல், லோஹார். லோஹார் என்றால் கொல்லர். பிகாரில் தச்சரும் கொல்லரும் பலர் 'சர்மா' என்று வைத்துக்கொள்கிறார்கள். அதே சர்மா இன்னோரிடத்தில் பிராமணப் பெயர். சாதி தெரிய வேண்டாம் என்று வெறும் 'குமார்' வைத்துக்கொண்டவர்களும் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயர்களைப் படிக்கத் தெரியாது. எல்லோரையும் சேர்த்து 'இந்திக்காரன்' என்று ஒரே 'ன்' விகுதியில் அடைத்துவிடுகிறார்கள். படிக்கத் தெரியாமையும் ஒரு சமத்துவத்தைத் தருகிறது, எல்லோரையும் கீழே வைத்து.

மறுபுறம், கம்ப்யூட்டர் படிவம் நம்மிடம் 'சர்நேம்' கேட்கிறது. இன்ஷியலை விரித்து அப்பா பெயரை அங்கே போடுகிறோம். பி.எஃப். கணக்கில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. பணம் எடுக்கப் போகும்போது 'பெயர் பொருந்தவில்லை' என்று திரும்பி வருகிறது. பட்டத்தைத் துறந்ததற்கு நாம் கட்டுகிற அபராதம் இது. பரவாயில்லை, கட்டலாம். ஆனால் அந்தக் காலி இடத்தை நிரப்ப, பெங்களூரில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் சிலர், தாத்தா விட்ட பட்டத்தைத் தூசிதட்டி எடுத்து மாட்டிக்கொள்வதைப் பார்க்கும்போதுதான் கவலையாக இருக்கிறது. எடுத்து மாட்டிக்கொள்ள ஏதாவது இருக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 'தோட்டி'யை யாரும் தூசிதட்டுவதில்லை.

பெயரை மறைப்பதா, மீட்பதா என்ற விவாதம் நம் பத்திரிகைகளில் அடிக்கடி நடக்கிறது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை நிமிர்ந்து நின்று தன் பெயராகச் சொல்வது ஒரு கலகம். அதைச் செய்யும் உரிமை அந்தப் பெயரால் அடிபட்டவருக்கு மட்டும்தான். ஆனால் ஜெர்மானியக் கதை காட்டுகிற பாடம் வேறு. பெயரின் வாடையைப் பெயரால் போக்க முடியாது. தொழிலின் கதவு எல்லாப் பக்கமும் திறந்து, கல்யாணத்தின் கதவும் திறந்தபிறகுதான் மியூலர் வெறும் மியூலர் ஆனார். அதற்கு முன்னால் 1731இல் சட்டம் வந்தது, போதவில்லை.

எனவே தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலையில் சாதி இல்லை என்று சொல்வதற்கு முன் பெயர்ப் பட்டியலைப் பார்க்காதீர்கள். அதில் ஒன்றும் தெரியாது, தெரியக் கூடாதென்றுதான் நம் முன்னோர் பாடுபட்டார்கள். டூட்டி சார்ட்டைப் பாருங்கள். ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தத்தில் யார், எந்த ஊரிலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் பத்து வருஷத்தில் லைனுக்கு மாறினார்கள் என்று கேளுங்கள். சங்கக் கோரிக்கைப் பட்டியலில் அந்த மாற்றம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

ஒரு நாள், சாகலி என்றோ தோட்டி என்றோ தன் பாட்டன் தொழிலை ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்ல, கேட்டவரும் 'அப்படியா' என்று டீயை உறிஞ்சிவிட்டு ஷிஃப்டுக்குப் போனால், அன்றைக்கு அது பீப்பாய்க்காரரின் பெயர் மாதிரி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.